மிரளும் குதிரையைக் குளிப்பாட்டப் பழக்குவது எப்படி?

கார்த்திகை தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு, மாடுகளுடன் குதிரைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாத சுவாமி கோயில் திருவிழாவின்போது கூடும் சந்தையோ குதிரைகளுக்கென்றே பெயர் பெற்றது. இச்சந்தைகளில் குதிரை வாங்கும் விவசாயிகள் சுழி பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார்கள். குதிரை தண்ணீருக்கு நிற்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு ஓட்டி வந்து, முதல் வாளித் தண்ணீரைத் தூக்கியவுடன்தான் அது தெரிய வருகிறது.

அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் இதுதான். குதிரையை மரத்தில் குட்டையாகக் கட்டுகிறார்கள். இருவர் கயிற்றைப் பிடிக்க, மூன்றாமவர் தண்ணீரை வீசி ஊற்றுகிறார். குதிரை முன்காலைத் தூக்குகிறது, கயிறு உள்ளங்கையைக் கிழிக்கிறது, வாளி உருளுகிறது, கோபத்தில் சாட்டை எழுகிறது. மறுநாள் வாளியின் சத்தம் கேட்டாலே குதிரை நடுங்குகிறது. இது குதிரையின் குணக்கேடு அல்ல. நாம் நடத்திய பாடத்தை அது நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாம் நடத்திய பாடம்தான் தவறானது.

ஏன் குளிப்பாட்ட வேண்டும்?

குதிரைக்குத் தினமும் குளியல் தேவையில்லை. நாள்தோறும் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி தட்டினாலே மேனி பளபளப்பாக இருக்கும். ஆனால் வேலை செய்யும் குதிரைக்கு மாட்டைவிட அதிகமாக வியர்க்கும். அந்த வியர்வையின் உப்பும் சாலைத் தூசியும் சேணத்துக்கும் வாருக்கும் அடியில் காய்ந்து, தோலை உரசிப் புண்ணாக்கும். வார்ப்புண் வந்த குதிரையை ஆறும் வரை பூட்டக் கூடாது. அத்தனை நாளும் வருமானம் இல்லை. தீனிச் செலவு மட்டும் உண்டு.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. முள் கிழித்த புண்ணைக் கழுவ வேண்டிய நாளும், கோடை வெயிலில் மூச்சு வாங்கி நிற்கும் குதிரையைக் குளிர்விக்க வேண்டிய நாளும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. தண்ணீருக்குப் பழகாத குதிரையை நெருங்கவும் முடியாது. ஆகவே அவசரம் இல்லாத நாளிலேயே பழக்கிவிட வேண்டும்.

மிரட்சியின் காரணம்

திருவண்ணாமலை மக்கள் அருணாசலேசுவரர் கோயில் யானை ருக்குவை மறந்திருக்க மாட்டார்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இரவு நேரத்தில் நாய்களைக் கண்டு மிரண்டு ஓடிய அந்த யானை காயமடைந்து உயிரிழந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால், ஓடித் தப்புவதையே ஆயுதமாகக் கொண்ட குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொம்பும் கோரைப்பல் பலமும் இல்லாத பிராணி அது. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும்; பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ஓட வழியில்லாமல் கட்டிவிட்டால் உதைக்கும், கடிக்கும், அல்லது முன்காலைத் தூக்கிப் பின்னால் சாயும்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்த்துவிடும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னால் சிறிது இடமும் அதற்குத் தெரியாது. அந்த இடங்களிலிருந்து திடீரென்று வரும் வாளியும் கையும் அதற்குப் பேய் போன்றவை. மனிதக் காதுக்கு எட்டாத நுண்ணொலிகளையும் அதன் காது பிடித்துவிடும். தோலோ, ஒரு ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும் அளவுக்குக் கூர்மையானது. அந்தத் தோலின்மேல் ஒரு வாளிக் குளிர்ந்த நீர் ஒரே வீச்சில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் செனபோன் என்ற படைவீரர் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அஞ்சும் பொருளின் அருகே குதிரையை அடித்து விரட்டினால், அந்த வலியும் அப்பொருளால்தான் வந்தது என்று அது நினைத்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இதில் மாற்றம் இல்லை. தண்ணீரையும் சாட்டையையும் ஒன்றாகக் காட்டினால், அதன் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வாங்கி வந்தவுடன் வேண்டாம்

தீபச் சந்தையிலிருந்து வரும் குதிரை கூட்டத்தையும் வெடிச் சத்தத்தையும் ஒலிபெருக்கியையும் கடந்து, லாரிப் பயணமும் முடித்து வருகிறது. கார்த்திகை, மார்கழியில் மழையும் குளிரும் சேர்ந்திருக்கும். சந்தைத் தூசி போக வேண்டும் என்று அன்றைக்கே தண்ணீர் ஊற்றுவது தவறு. முதல் 3 வாரங்கள் மற்ற கால்நடைகளிடமிருந்து பிரித்துக் கட்டி, தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள். நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். உலர்ந்த பிரஷ்ஷாலும் சாக்குத் துணியாலும் தேய்த்தாலே தூசி போய்விடும். குதிரைக்கும் உங்கள் கை பழகும்.

பாடத்தின் உலர்ந்த பகுதியை இந்த நாட்களிலேயே தொடங்கிவிடலாம். தண்ணீர்ப் பகுதியை மழை விட்டு, நல்ல வெயில் அடிக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முற்பகல் 10 மணிக்குப் பிறகு குளிப்பாட்டி, மாலைக்குள் மேனி முழுதும் உலர்ந்துவிடுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடமும் பொருள்களும்

வழுக்காத தரை முதல் தேவை. பாசி பிடித்த சிமெண்டுத் தளமும் களிமண் சேறும் ஆகாது. ஒரு முறை கால் வழுக்கினால் அந்த இடத்தையே குதிரை வெறுத்துவிடும். தண்ணீர் வடியும் சரளைத் தரை நல்லது. அருகில் முள்வேலி, கிணறு, கலப்பை, வண்டி எதுவும் இருக்கக் கூடாது. பழகிய, சாதுவான இன்னொரு குதிரை கண்ணில் படும் தூரத்தில் நின்றால் புதிய குதிரைக்குத் தைரியம் வரும்.

ஒரு வாளி, ஒரு செம்பு, இரண்டு பழந்துணி, தென்னை நார் பிரஷ், நீரை வழித்தெடுக்க விளிம்பு மழுக்கிய மூங்கில் பத்தை இவ்வளவும் போதும். வெயிலில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரே முதல் நாட்களுக்கு ஏற்றது.

முகக்கயிறு பருத்தி நூல் கயிறாக, 10 அல்லது 12 அடி நீளம் இருக்கட்டும். நைலான் கயிறு கையை அறுக்கும். பழகும் வரை குதிரையை எங்கும் கட்டக் கூடாது. அமைதியான ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. பிடிப்பவரும் குளிப்பாட்டுபவரும் குதிரையின் ஒரே பக்கத்தில் நிற்பது பாதுகாப்பு. அப்போதுதான் மிரண்டால் அதற்கு ஒதுங்க மறுபக்கம் இடம் இருக்கும், யாரையும் இடிக்காது.

மாட்டோடு பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாடு பெரும்பாலும் பக்கவாட்டில் காலை வீசி உதைக்கும். குதிரையின் உதை பெரும்பாலும் நேர் பின்னால், இரண்டு கால்களாலும், தூரமாக வரும். ஆகவே தோளை ஒட்டி நிற்பதே நல்லது. பின்புறம் போக வேண்டுமானால் முதுகில் கையை வைத்தபடி ஒட்டியே போக வேண்டும். அல்லது உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போக வேண்டும். நடுத்தூரம்தான் ஆபத்து.

பாடத்தின் உயிர்நாடி

எந்த நிமிடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் இந்தப் பழக்கம் முழுதும் அடங்கியிருக்கிறது.

குதிரை துள்ளுகிறது என்று பயந்து தண்ணீரை நிறுத்தினால், "துள்ளினால் தண்ணீர் போய்விடும்" என்று அது கற்றுக்கொள்ளும். மறுநாள் இன்னும் அதிகமாகத் துள்ளும். அது அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து நிறுத்தினால், "நின்றால் தண்ணீர் போய்விடும்" என்று கற்றுக்கொள்ளும். நாளடைவில் நின்றபடியே இருக்கும். கொடுக்கும் வெகுமதியும் தண்டனையும் வெல்லமோ சாட்டையோ அல்ல. தண்ணீரை எடுக்கும் அந்த ஒரு கணமே வெகுமதி.

ஆகவே ஒவ்வொரு படியிலும் குதிரை தாங்கக்கூடிய அளவில்தான் தொடங்க வேண்டும். தாங்க முடியாத அளவில் தொடங்கினால் அது துள்ளத்தான் செய்யும். நிற்பதற்குச் சந்தர்ப்பமே கிடைக்காது. நாமும் சரியான கணத்தில் நிறுத்த முடியாது.

படிப்படியாகப் பழக்குதல்

முதல் படி: வெறும் கையால் கழுத்து, தோள், முதுகு என்று தடவுங்கள். பிடரிக்குக் கீழே தோள்மேட்டில் சொறிந்து கொடுத்தால் குதிரைக்குப் பிடிக்கும். குதிரைகள் ஒன்றையொன்று அவ்விடத்தில்தான் கடித்துச் சொறிந்துகொள்ளும். பிறகு உலர்ந்த துணியால் அதேபோல் தேயுங்கள். கால்கள் வரை தொட விடும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: காலி வாளியையும் செம்பையும் காட்டுங்கள். கீழே வைத்து, அதுவாக மூக்கை நீட்டி முகர விடுங்கள். வாளியில் ஒரு பிடி கொள்ளு போட்டுத் தின்னக் கொடுப்பது நல்ல உபாயம். செம்பு வாளியில் மோதும் சத்தத்தையும் மெதுவாகக் கேட்கச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தோளில் தேயுங்கள். அசையாமல் நின்றால் உடனே துணியை எடுத்துவிட்டு, ஓய்வு கொடுங்கள். மறுபடி தேயுங்கள். நாளுக்கு நாள் துணியின் ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

நான்காம் படி: செம்பால் தண்ணீர் விடுதல். முதலில் குதிரையின் அருகே தரையில் ஊற்றிச் சத்தத்தைக் கேட்க விடுங்கள். பிறகு முன்னங்காலின் குளம்பில் ஒரு மெல்லிய தாரை. நின்றால் நிறுத்துங்கள். அதிலிருந்து கணுக்கால், முழங்கால், தோள், முதுகு என்று மேலே ஏறுங்கள். பின்னங்கால்களை மற்ற எல்லா இடமும் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் அடிப்பகுதி, விலாவுக்குப் பின்னுள்ள குழி, தொடை இடுக்கு ஆகியவை கூச்சம் மிகுந்தவை. அங்கே ஈரத் துணியே போதும்.

ஐந்தாம் படி: ரப்பர் குழாய் உள்ளவர்கள், குழாயைத் தரையில் கிடத்தி, குதிரையை அதைத் தாண்டி நடக்க விடுங்கள். குழாய் நெளிவதைப் பாம்பு என்று மிரளும் குதிரைகள் உண்டு. பிறகு மிகக் குறைந்த நீரில் குளம்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

ஒவ்வொரு படியையும் இடப்பக்கம் முடித்த பிறகு வலப்பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் சாதுவாக நிற்கும் குதிரை, மறுபக்கம் புதிதாக மிரளுவதுண்டு. ஒரு நாளைக்கு 10 அல்லது 15 நிமிடம் போதும். குதிரை நன்றாக நின்ற நேரத்தில் அன்றைய பாடத்தை முடியுங்கள். சில குதிரைகளுக்கு ஒரு வாரம் போதும். முன்பு அடிபட்ட குதிரைக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். நாட்களைக் கணக்கிடாமல் குதிரையைப் பாருங்கள்.

குதிரை பேசும் மொழி

தலை தாழ்வது, பெருமூச்சு விடுவது, வாயை அசைபோடுவது, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பது ஆகியவை பயம் தணிந்ததன் அடையாளம். தலையை உயர்த்துவது, கண்ணின் வெள்ளை தெரிவது, மூக்கு விரிவது, வாலை இடுக்குவது, உடம்பு இறுகுவது ஆகியவை மிரளப்போவதன் அடையாளம். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளின் காதுகள் நுனியில் உள்நோக்கி வளைந்திருக்கும். ஆயினும் அவை பின்னோக்கிப் படிந்தால் பொருள் ஒன்றுதான்: விலகி நில்.

இறுக்கம் தெரிந்தவுடன் முன்னேறுவதை நிறுத்தி, அதே அளவில் இருங்கள். துள்ளிவிட்டால் கத்தாமல், கயிற்றை வெட்டி இழுக்காமல், குதிரையோடு சேர்ந்து நகருங்கள். ஆபத்து இல்லாதவரை தாரையைச் சிறிதாக்கி, அதே இடத்தில் வைத்திருங்கள். இரண்டு மூச்சு அசையாமல் நின்றவுடன் எடுத்துவிடுங்கள். பிறகு முந்தைய படிக்குத் திரும்பி, அங்கே நன்றாக நின்றதும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பின்வாங்குவது தோல்வி அல்ல. உங்களுக்கே கோபம் வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பதும், முள் வைத்த கடிவாளம் போடுவதும் பயனற்றவை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி பிராணியை அடித்து வதைப்பது குற்றமும் ஆகும்.

முகமும் காதும்

முகத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பிழிந்த துணியால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கித் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. ஒரு முறை போய்விட்டால், பிறகு தலைக்குக் கயிறு மாட்டக்கூட விடாத குதிரைகள் உண்டு.

பம்பு செட்டும் ஏரியும்

காளைகளைப் பம்பு செட்டுத் தொட்டியருகே நிறுத்திக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். குதிரைக்கு இது ஒத்துவராது. மோட்டார் இரைச்சலும் குழாயின் வேகத்தாரையும் பழகிய குதிரையைக்கூடக் கலைத்துவிடும். தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்திய பின் செம்பால் மொண்டு ஊற்றுங்கள். நனைந்த தரையில் மின்கம்பியோ சுவிட்சுப் பெட்டியோ அருகில் இருக்கக் கூடாது.

ஏரியிலும் ஆற்றிலும் இறக்கிக் குளிப்பாட்டுவது தொடக்கத்தில் வேண்டாம். தண்ணீரின் ஆழம் குதிரைக்குத் தெரியாது. கரைச் சேற்றில் கால் புதைந்தால் கலவரப்படும். மழைக்காலத்தில் தென்பெண்ணையின் ஓட்டமும் நம்பத்தக்கதல்ல.

குளிப்பாட்டிய பின்

மூங்கில் பத்தையால் நீரை வழித்துவிட்டு, உலர் துணியால் துடைத்து, வெயிலில் மெதுவாக நடக்க விடுங்கள். மேனி உலரும் முன் சேணம் பூட்டக் கூடாது. குளம்பின் அடிக்குழிகளைச் சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் கட்டுங்கள். எந்நேரமும் ஈரத்தில் நின்றால் குளம்பு மிருதுவாகி அழுகும். கால்களைத் தினமும் கழுவுவது குளம்புக்கு நல்லதல்ல என்று செனபோனும் சொல்லியிருக்கிறார்.

துணி சோப்பும் சலவைத் தூளும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வெறும் தண்ணீரே பெரும்பாலும் போதும். எப்போதாவது காரமில்லாத சோப்புப் போட்டால், சிறிதும் தங்காமல் அலசிவிட வேண்டும்.

வேலை செய்து சூடேறிய குதிரையின்மேல் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பலர் அஞ்சுகிறார்கள். 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்கு முன்னர், வெயிலில் ஓடும் குதிரைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றுவதே சூட்டை விரைவில் தணிக்கும் வழி என்றும், அதனால் தீங்கில்லை என்றும் கண்டார்கள். வெயிலில் தள்ளாடும் குதிரைக்கு நிழலும் தண்ணீரும்தான் முதல் சிகிச்சை. இதற்கும் முன்கூட்டிய பழக்கம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டு மருந்து குதிரைக்கு ஆகாது

மாட்டுக்கு உண்ணி போகத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்து பல வீடுகளில் இருக்கும். அதைக் குதிரையின்மேல் தெளிக்கவோ, குளிக்கும் நீரில் கலக்கவோ கூடவே கூடாது. குதிரையின் குடல் இயக்கத்தை அது நிறுத்திவிடும், உயிருக்கே ஆபத்து. உண்ணி இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, குதிரைக்கு ஏற்ற மருந்தையே வாங்க வேண்டும்.

குளிப்பாட்டும் நேரம்தான் உடம்பு முழுவதையும் பார்க்கும் நேரம். தோலில் வரிசையாகக் கட்டிகளும் சீழ்ப்புண்களும் இருந்தாலோ, மூக்கில் கெட்டியான சளி ஒழுகினாலோ வெறுங்கையால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் எனும் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். குதிரையைப் பிரித்துக் கட்டி, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். 1962 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம். சிறு புண்ணிலும் டெட்டனஸ் எனும் இசிவு நோய் குதிரைக்கு எளிதில் வரும். ஆகவே தடுப்பூசி போட்டு வைப்பது அவசியம்.

பல நாள் தொட்டும் தடவியும் பழகாமல், ஒரே இடத்தில் மட்டும் துள்ளும் குதிரைக்கு அந்த இடத்தில் வலி இருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பணச் செலவு இல்லை. ஒரு செம்பும், பழந்துணியும், தினமும் கால் மணி நேரமும், நிறையப் பொறுமையும் போதும். தீபத்துக்கு வாங்கிய குதிரையை இவ்வாறு பழக்கினால், பங்குனி வெயிலுக்குள் அது கயிறு தளர்ந்திருக்க, தலை தாழ்த்தி, தண்ணீருக்கு நிற்கும்.